காலாவதி ஆவதற்குள் எழுதிவைத்தவை

கடவுச்சொல்லைத் தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. நட்சத்திரக் குறி இல்லை, புள்ளி இல்லை, கண் சிமிட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கட்டம்கூட நகரவில்லை. விசைப்பலகையின் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். மறுபடி தட்டினேன். பின்னால் நின்றிருந்த அண்ணன் மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அத்தை, அது வாங்கிக்கொள்கிறது. வெளியில் காட்டாது, அவ்வளவுதான்."

காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, வாங்கியதாகவே முகத்தில் காட்டாத ஆளை நான் கல்லாவில் உட்கார வைத்தால் லாரன்ஸ் ரோடு வரைக்கும் சண்டை கேட்கும் என்றேன். அவன் இன்னும் சிரித்தான். புரியாததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னான், அடுத்த சனிக்கிழமை வந்து விளக்குவதாக. அவன் கேட்டது சந்தேகங்களை. நான் எழுதியது ஆலோசனைகளை. இருபத்திரண்டு வருடம் கடை நடத்தியவளுக்குச் சந்தேகம்கூட ஆலோசனையாகத்தான் வாயில் வரும்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்களுடையது மருந்துக்கடை. கணினிகள் இரண்டு. பில் போடுவதன் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. உள்ளறையில் இருக்கும் மற்றொன்று கடிதம், கணக்கு, உரிமப் புதுப்பிப்புக் காகிதங்கள் ஆகியவற்றுக்கு. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்கு மாறலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு எங்கள் பெட்டியில் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. புதுச்சேரியில் படிக்கும் அண்ணன் மகன் தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, நான்கு கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலமே திரும்பிவிட்டான்.

டெபியனை 1993-இல் தொடங்கியவர் இயன் மர்டாக். இப்போதைய பதிப்பில் 69,000-க்கும் அதிகமான பொதிகள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த நிரல்கள், இருக்கின்றன. பொதி என்பது தமிழில் கணினி வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் சொல். எனக்கு அது கழுதை சுமப்பதை நினைவூட்டுகிறது. பொட்டலம் என்றே வைத்திருக்கலாம். எதுவானாலும் தொழில் எனக்குப் பழகியதுதான்: ஆயிரக்கணக்கான பொட்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு எண், எங்கிருந்து வந்தது என்ற அத்தாட்சி, எதோடு சேரும், எதோடு சேராது என்ற குறிப்பு. டிபிகேஜி என்ற நிரல் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து அடுக்கில் வைக்கிறது. ஆப்ட் என்பது அதற்கு மேலே நின்று, இதற்கு இன்னது வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவருகிறது. இந்தப் பொட்டலங்கள் வரும் இணையக் கிடங்கின் முத்திரை சரியாக இல்லை என்றால் ஆப்ட் சரக்கை எடுக்காது. கண்ட இணையதளத்தில் கண்டதைத் தரவிறக்கிக்கொண்டிருந்த என் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், பில் இல்லாமல் பையில் வரும் மருந்துக்கும் முறையாக வரும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் இது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்தப் பக்கம் கட்சி மாறிவிட்டேன். அதனால் இனி வருவது வெளியாள் குறை சொல்வது அல்ல.

தாளில் எழுதியிருந்த முதல் இரண்டு கட்டளைகள், ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேடு. தமிழில் இரண்டையும் புதுப்பித்தல் என்றுதான் சொல்வோம். முதல் நாள் அப்டேட் என்று அடித்தேன். வரிகள் ஓடின. எல்லாம் புதிதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டேன். ஐந்து நாட்கள் இதையே செய்துகொண்டிருந்தேன். அப்டேட் என்பது கிடங்கில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை வாங்கி வருவது மட்டும்தான், சரக்கு வருவது அப்கிரேடில்தான் என்பது அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது. மொத்த வியாபாரியின் விலைப்பட்டியலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அலமாரி நிரம்பிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். நோட்டில் எழுதினேன்: "பட்டியல் வாங்குவதற்குப் பெயர் பட்டியல் வாங்குவது என்றே இருக்கட்டும்." இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஓப்பன்சூசே லினக்ஸில் இருக்கும் சிப்பர், இதே வேலைக்கு ரிஃப்ரெஷ் என்று பெயர் வைத்திருக்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இருக்கும் டிஎன்எஃப், பட்டியல் பழையதாகிவிட்டால் கேட்காமலே போய் வாங்கி வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துக் கடைகளில் இருக்கும் வசதிதான்.

டெபியனில் ஒரு பொட்டலம் மற்றொன்றை மூன்று விதமாகக் கேட்கலாம். கட்டாயம் வேண்டும், வைத்துக்கொள்வது நல்லது, விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள். அண்ணன் மகன் இதை விளக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று பயந்தான். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் சீட்டை எடுத்துப் பாருங்கள். முதலில் ஆன்டிபயாடிக், அது இல்லாமல் வைத்தியமே இல்லை. இரண்டாவது, வயிற்றுக்கு ஒரு மாத்திரை. வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னால் ஒழிய அதையும் சேர்த்துத்தான் கட்டுவோம். கடைசியில் ஒரு சத்து டானிக், கையில் காசு இருந்தால். ஆப்ட் செய்வதும் அச்சாக இதுதான். இரண்டாவது வகையை வேண்டாம் என்று சொல்லாதவரை தானாகச் சேர்த்துக் கட்டிவிடும்.

என் குறை வேறு. நிறுவுவதற்கு முன்னால் ஆப்ட் ஒரு பட்டியல் காட்டுகிறது. அதில் டானிக் தனியாக இருக்கிறது. ஆன்டிபயாடிக்கும் வயிற்று மாத்திரையும் ஒரே குவியலாக, கூடவே வருபவை என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடக்கின்றன. எதைத் தள்ளினால் வைத்தியம் கெடும், எதைத் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்று பார்த்ததும் தெரிவதில்லை. பழைய கணினி, சின்ன வன்தட்டு, இடம் போதாத எனக்கு இந்தப் பிரிப்பு வேண்டியிருந்தது. கடையில் கையில் காசு குறைவாக வருகிறவர்கள் தினமும் கேட்கும் கேள்வி இது: "இதில் எதை விட்டால் பரவாயில்லை?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றால் நான் மருந்தாளுநர் இல்லை.

தேடல் பற்றி நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது, இங்கே சுருக்கிவிடுகிறேன். ஸ்கேன் செய்த உரிமக் காகிதங்களை ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டியிருந்தது. ஆப்ட் சர்ச் பிடிஎஃப் என்று அடித்தேன். ஆடிப்பெருக்கு போல வந்தது. அகரவரிசையில் நூற்றுக்கணக்கான பெயர்கள். நிரலாளருக்கான நூலகமும், எனக்கான கருவியும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு வேண்டிய பிடிஎஃப்யுனைட் என்ற கருவி பாப்ளர் யுடில்ஸ் என்ற பொட்டலத்துக்குள் இருக்கிறதாம். வாசலில் வந்து நிற்கிறவர் பாராசிட்டமால் என்று கேட்பதில்லை, காய்ச்சலுக்கு ஒன்று கொடுங்கள் என்கிறார். டெபியனிடம் எந்தப் பொட்டலம் எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று, சம்மதித்தவர்களிடம் மட்டும் கேட்டு வாங்கிய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தேடல் முடிவின் ஓரத்தில் ஒட்டினால் போதும். ஊர் எதை வாங்குகிறது என்று தெரிந்தால் புதியவன் அதில் ஆரம்பிப்பான்.

அடுத்தது சிவப்புக் கோடு. ஆன்டிபயாடிக் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கு அது அடையாளம். எழுத்துப் படிக்காதவருக்கும் கோடு தெரியும். ஆப்ட் கேட்கும் கேள்வியோ எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்: தொடரலாமா? பக்கத்தில் பெரிய ஒய், சின்ன என். பெரிய எழுத்தில் இருப்பது எதுவோ, வெறுமனே எண்டர் தட்டினால் அதுதான் பதில் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். சின்ன விளையாட்டு ஒன்றை நிறுவும்போதும் அதே தொனி, பாதிக் கணினியை மாற்றும்போதும் அதே தொனி.

இதன் விளைவை உலகமே பார்த்திருக்கிறது. 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற காணொளிக்காரர் லினக்ஸுக்குப் புதியவராக உட்கார்ந்து, பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலை நிறுவப் போனார். கிடங்கில் அப்போது இருந்த ஒரு கோளாறால், ஸ்டீம் வர வேண்டுமானால் மேசைத்திரை முழுவதும் போக வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரித்தது என்பதும் உண்மை. எச்சரித்துவிட்டு, தொடர வேண்டுமானால் "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொன்னது. ஆமாம், நான் சொன்னபடி செய். அடித்தார். செய்தது. வெறும் கறுப்புத் திரை மிஞ்சியது.

படிக்காமல் அடித்தது அவர் தப்பு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டைப் படிக்காமல் முழுங்கியது நோயாளி தப்பு என்று சொல்லும் கூட்டம் இது. எறும்பு எழுத்தில் நாற்பது வரி எச்சரிக்கை அச்சடித்தால் பழி போகும், ஆபத்து போகாது. ஆப்டை எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டத்தோடு சேரவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அதே மாதம் வந்த 2.3.12 பதிப்பிலிருந்து, இன்றியமையாத பொட்டலங்களை அப்படி ஒரு வாக்கியத்தை அடித்து அழித்துவிட முடியாது. அதற்குப் பிறகு 3.0-இல் வண்ணமும் வந்தது. நீங்கப்போகும் பெயர்கள் என் திரையில் சிவப்பில் விழுகின்றன. சிவப்புக் கோடு வந்துவிட்டது. ஒரு புதியவர் எல்லார் முன்னாலும் விழுந்ததால் வந்தது.

ஒரு விஷயம், சொல்லாமல் விட மனமில்லை. ஆப்ட் மூ என்று அடித்தால் திரையில் எழுத்துகளால் வரைந்த ஒரு பசுமாடு வந்து நின்று, இன்றைக்கு நீ மா என்று கத்தினாயா என்று கேட்கிறது. எங்கள் தெருவில் உண்மையான மாடுகளே கடை வாசலில் நின்று கேட்கின்றன. மாடு வரையக் கிடைத்த ஒரு மத்தியானத்தில் ஒரு பிழைச்செய்தியைத் திருத்தியிருக்கலாமே என்று முதலில் எரிச்சல் வந்தது. இப்போது வாரம் ஒரு முறை நானே கூப்பிடுகிறேன்.

நவம்பர் மழைக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஆறரை மணி. கடையில் கூட்டம் இல்லை. ஆப்ட் அப்கிரேடு கொடுத்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்கிறது, அமைக்கிறது, பிரிக்கிறது, அமைக்கிறது. கீழே ஒரு பட்டை நாற்பது சதவீதத்தில் நின்றது. மின்சாரம் போய்விட்டது. பில் போடும் கணினிக்கு யுபிஎஸ் உண்டு, இதற்கு இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு எத்தனையோ நாட்கள் மெழுகுவத்தியில் மருந்து கொடுத்த ஊர் இது. கடலூரில் மழைக்காலத்து மின்வெட்டு விபத்து அல்ல, பருவம்.

நாற்பது நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது. கணினியைத் திறந்து, பாதியில் நின்றதைத் தொடரக் கட்டளை கொடுத்தேன். ஆப்ட் மறுத்துவிட்டது. அது சொன்னது இவ்வளவுதான்: டிபிகேஜி இடையில் நின்றுபோயிருக்கிறது, இதைச் சரிசெய்ய நீங்களே இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கட்டளையையும் எழுதியிருந்தது. சுடோ, டிபிகேஜி, இரண்டு கோடு, கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு, ஏ. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். இடைவெளி ஒன்றை விட்டுவிட்டேன், திட்டியது. மறுபடி அடித்தேன். உள்ளே அரைகுறையாகக் கிடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது கணினி.

பாதியில் விழுந்தது எழுந்தது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பொட்டலம் பிரித்து மட்டும் வைத்திருக்கிறது, எது அமைத்து முடிந்தது என்று டிபிகேஜி ஒவ்வொரு படியையும் தன் பேரேட்டில் குறித்துக்கொண்டே போகிறது. அதனால்தான் விட்ட இடத்திலிருந்து எடுக்க முடிந்தது. சில வகை மருந்துகளுக்கு யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எத்தனை கொடுத்தோம் என்று நாங்களும் தனிப் பதிவேடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதும்போது சலிப்பாக இருக்கும். ஒரு நாள் தேவைப்படும்போது அந்த நோட்டை எழுதியவளைக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் அந்தச் செய்தி! அன்று இரவே கைபேசியில் அண்ணன் மகனைப் பிடித்தேன். "என்ன நோய் என்று அதற்குத் தெரிகிறது. என்ன மருந்து என்று தெரிகிறது. எத்தனை வேளை என்றும் தெரிகிறது. மருந்தும் அதன் கையிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு என்னிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, போய் நீயே கலக்கிக் குடி என்கிறது?"

"அத்தை, எதனால் நின்றது என்று அதற்குத் தெரியாது. வன்தட்டே கெட்டுப்போயிருக்கலாம். தானாக ஆரம்பித்தால் நிலைமை மோசமாகலாம். நடுவில் அமைப்பு பற்றிக் கேள்விகள் வரும். ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்."

"சரி. அப்படியானால் செய்யட்டுமா என்று கேட்கட்டும். ஆமாம் என்று நான் ஒரு எழுத்து அடிக்கிறேன். மனிதர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?"

மறுமுனையில் சிறிது நேரம் சத்தம் இல்லை. "அதை யாராவது கேட்டிருப்பார்கள் அத்தை," என்றான். அது பதில் இல்லை. கடைப்பையன் ஒருவன் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது.

நோட்டில் எல்லாமே சரியாக எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் பக்கத்தில் பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு, "ஏன் எல்லாம் பழைய சரக்கு?" என்று இருக்கிறது. இணையத்தில் ஒரு நிரலின் பதிப்பு எண் ஒன்று, டெபியனில் அதைவிடக் குறைந்த எண். காலாவதி ஆனதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். என் தொழிலில் அது பாவம். பிறகு தெரிந்தது, பதிப்பை ஓர் இடத்தில் நிறுத்திவைப்பதே இவர்களின் கொள்கை. பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் பழைய பதிப்புக்குள்ளேயே அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், மூன்று வருடம் முழுமையாக, அதற்குமேல் இரண்டு வருடம் குறைந்த அளவில். எண் மாறாவிட்டாலும் சரக்கு கெடவில்லை. அடித்துவிட்டேன். அடித்த கோட்டின் கீழே ஒரு சின்னக் குறிப்பு மட்டும் விட்டிருக்கிறேன்: "ஓட்டை எப்போது கடைசியாக அடைத்தார்கள் என்ற தேதியைப் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்."

தமிழ் பற்றி ஒரு வரி. நிறுவும்போது டெபியன் என்னிடம் தமிழில் பேசியது. மொழி, ஊர், விசைப்பலகை எல்லாம் தமிழில் கேட்டது. சந்தோஷமாக உள்ளே போனேன். ஆப்ட் வந்ததும் ஆங்கிலம் ஆகிவிட்டது. வாசலில் வணக்கம் சொல்லி வரவேற்றுவிட்டு, வைத்தியம் பார்க்கிறவர் மட்டும் வேறு மொழியில் பேசுவது ஒரு மாதிரியாக இருக்கிறது. இதைச் செய்ய வேண்டியது அவர்கள் இல்லை, நாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, கடையைத் திறந்ததும் உள்ளறைக்குப் போய், அப்டேட், அப்கிரேடு இரண்டையும் அடுத்தடுத்து அடித்து, வேறெங்கோ பார்த்தபடி கடவுச்சொல்லைப் போட்டு, எண்டர் தட்டிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டேன். பாதி தெளிக்கும்போதுதான் உறைத்தது. நட்சத்திரம் விழுந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. நோட்டை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் அப்டேட்டுக்கும் அப்கிரேடுக்கும் நான் பட்ட கோபம் முழுப் பக்கம் இருக்கிறது. இதற்கா இவ்வளவு கத்தினேன் என்று தோன்றியது. ஆறு வாரம், அவ்வளவுதான். என்னிடம் இருந்த புதியவளைக் காணோம். முப்பது வருடமாக இதில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருப்பது என்றோ தேதி முடிந்துபோன அட்டை.

அன்றைக்கே அண்ணன் மகனைக் கூப்பிட்டு, இதையெல்லாம் எங்கே கொடுப்பது என்று கேட்டேன். ரிப்போர்ட்பக் என்று ஒரு நிரல் இருக்கிறது. அதைத் திறந்தால் முதல் கேள்வியே, நீ யார் என்பதுதான். கற்றுக்குட்டி, சாதாரணம், தேர்ந்தவர், வல்லுநர் என்று நான்கு வரிசை. கூச்சமே இல்லாமல் முதலாவதை எடுத்தேன். ஆப்ட் மேல் ஏற்கெனவே இருக்கும் குறைகளைக் காட்டியது. பக்கம் பக்கமாக ஓடியது, சாமிக்கு எழுதிப் போட்ட சீட்டுகள் போல. டெபியனில் குறைகளுக்கு ஏழு தரம் உண்டாம். உயிர் போகிற அவசரம் மேலே, விருப்பம் என்பது கடைசிப் படி. "உங்களுடையது விருப்பத்தில்தான் சேரும் அத்தை," என்றான். சேரட்டும். மரத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு வருகிறவர்கள் மறுநாள் காலையே வந்து மரத்தைக் கேட்பதில்லை.

மின்வெட்டுச் செய்தி பற்றியதை முதலில் அனுப்பினேன். ஆன்டிபயாடிக்கையும் வயிற்று மாத்திரையையும் பிரித்துக் காட்டச் சொல்லும் இரண்டாவதும் போய்விட்டது. அதை ஆங்கிலத்தில் எழுதியது அண்ணன் மகன், வயிற்று மாத்திரையை எடுத்துவிட்டான், எனக்கு அதில் வருத்தம்தான். மூன்றாவது, ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. நேற்று இரவு கடையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் ஏதோ ஓர் இரவு கோபத்தில் கிறுக்கியது. எதையோ நீக்கப் போய் எதுவோ நடந்திருக்கிறது, "இனி ஒருபோதும்" என்று இரண்டு முறை இருக்கிறது, நடுவில் நான்கு வரிகள் எனக்கே படிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் டாக்டர்கள் எல்லாருடைய கையெழுத்தையும் படித்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தும் பார்த்துவிட்டேன்.